பரமநாதன் எதையும் மறக்கவில்லை

செய்தி வந்தபோது நான் மெட்ரோவில் இருந்தேன். மார்ச் மாதக் கடைசி, காலை எட்டரை மணி. பெட்டி முழுக்க ஈரக் கோட்டு வாடை. அழைத்தது சிந்துஜா, பரமநாதனின் மகள். “மாலதி அன்ரி, எங்கை நிக்கிறீங்கள்?” என்றாள். மெட்ரோவில் என்றேன். “அப்ப இறங்கினாப் பிறகு எடுங்கோ” என்றாள். அந்தப் பெண் ஒருநாளும் அப்படி நிறுத்தி நிதானமாகப் பேசியவளில்லை. பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகக் கடகடவென்று கொட்டுவாள். “பரவாயில்லம்மா, இப்பவே சொல்லு” என்றேன். “அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார் அன்ரி. நேற்றுப் பின்னேரம். சாப்பிட்டிட்டுக் கதிரையிலை இருந்தவர், அப்பிடியே...” இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி மூன்று நிலையம் போன பிறகுதான் நான் எழுந்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவள்தான் கேட்டாள். “யூனிவர்சிட்டியிலை அப்பா என்ன செய்தவர் எண்டு எங்கட ஆக்களுக்கு வடிவாத் தெரியாது. நீங்கள்தான் எழுத வேணும்.” இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர், லாசால் பகுதியில் யார் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனாலும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பரமண்ணை. எனக்கு அவர் மூன்று வருடம் ஒரே அறையில் வேலை பார்த்த பரம் அண்ணா.

அவர் செய்யாத ஒரு தவறு அவர் பெயரில் கிடக்கிறது. அதை எடுத்துப் போடத்தான் இதை எழுதுகிறேன். நேராக அங்கே போய்விடலாம். ஆனால் அவர் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்று சொல்லாமல் அதைச் சொன்னால், அந்தப் பழி அவருக்கு எவ்வளவு பொருந்தாதது என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் திருச்சியிலிருந்து இந்த ஊருக்கு வந்தேன். பல்கலைக்கழகத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தின் ஓர் அறையில் என் வேலை. வெப்பநாட்டு மரங்களின் விதைகள் எந்தச் சூட்டில் முளைக்கும், எந்தச் சூட்டில் முளைக்க மறுக்கும், முளைத்த கன்று எந்தச் சூட்டில் எப்படி வளரும் என்று பார்க்க வேண்டும். பூமி சூடேறிக்கொண்டே போகிறது. வளர்ந்த மரம் எப்படியோ சமாளித்துவிடும், விதையும் கன்றும் சமாளிக்குமா என்பதுதான் கேள்வி. பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்து புன்னை மரத்தை ஆராய்வதா என்று சொந்தக்காரர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் உள்ளே நாங்கள் வைத்த சூடுதான் என்பதை அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

அந்தச் சூட்டை வைத்துக் காப்பது பரம் அண்ணாவின் வேலை. அந்த அறையில் நான்கு மேசைகள். ஒவ்வொன்றிலும் தட்டுகளுக்கு அடியில் மின்சாரத்தில் சூடாகும் ரப்பர் விரிப்பு, பக்கத்தில் ஒரு தெர்மோஸ்டாட். இருபது, இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து பாகை என்று நான்கையும் நான்கு சூட்டில் வைத்திருப்போம். நான் வந்த முதல் வாரம் முப்பது என்று காட்டிய மேசையில் என் வேப்ப விதைகளை நட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்தார். வணக்கம் சொன்னார். சட்டைப் பையிலிருந்து நீளமான ஊசி ஒன்றை எடுத்து என் தட்டின் மண்ணில் குத்தினார். இறைச்சி வெந்ததா என்று பார்க்கச் சமையல்காரர்கள் வைத்திருக்கும் வெப்பமானி அது. இருபத்தேழு என்று காட்டியது.

“டிஸ்ப்ளே முப்பதுன்னுதானே காட்டுது?” என்றேன்.

“விதைக்கு டிஸ்ப்ளே தெரியாது தங்கச்சி. அதுக்கு மண்தான் தெரியும்.”

எனக்குச் சுருக்கென்றது. முனைவர் பட்டம் வாங்கி வந்தவளிடம் கறி வெப்பமானியைக் காட்டுகிறாரே என்று கோபம். அவருடைய ஊசிதான் தவறு என்று இரண்டு நாள் வாதாடினேன். மூன்றாம் நாள் ஆய்வுக்கூடத்தின் நல்ல வெப்பமானியைக் கொண்டுவந்து அதே இடத்தில் குத்தினேன். அதுவும் இருபத்தேழு. அவர் தன் ஊசியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். நான்கு மேசைகளையும் மண்ணின் சூட்டுக்கே சரிசெய்து முடித்துவிட்டு, “இருபத்தைஞ்சு வருசம் சாமானைக் குளிராக்கித்தான் சீவிச்சனான். இப்பதான் சூடாக்கச் சொல்லிச் சம்பளம் தருகினம். அதையாவது ஒழுங்காச் செய்ய வேணும்” என்றார். அதன் பிறகு ஒவ்வொரு தட்டிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பதிவுக் கருவியைப் புதைத்து வைத்தார். மண்ணின் சூட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது தானாகக் குறித்துக்கொள்ளும்.

புன்னை விதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோலிக்குண்டு போல உருண்டையாக இருக்கும். மரக்கட்டை மாதிரி ஓடு. ஓட்டோடு நட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். உடைத்துப் பருப்பை மட்டும் எடுத்து நட்டால் சில வாரங்களில் முளைத்துவிடும். நான் சுத்தியலால் தட்டினேன். பாதிப் பருப்பு ஓட்டோடு நசுங்கியது. பரம் அண்ணா பார்த்துக்கொண்டே இருந்தார். “தேங்காய்ச் சம்பலுக்கோ இடிக்கிறீங்கள்?” என்று கேட்டார். பிறகு தன்னுடைய பட்டறை மேசைக்கு எடுத்துப்போய், சாமான்களை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸில் ஒரு விதையை வைத்துக் கைப்பிடியை மெல்லத் திருப்பினார். காதை அருகே கொண்டுபோனார். டிக் என்று ஒரு சத்தம். உடனே நிறுத்தினார். ஓடு இரண்டாகப் பிளந்து, பருப்பு கீறல் இல்லாமல் வந்தது. இரண்டு நாள் முழுக்க ஒவ்வொரு விதையாக அப்படித்தான் எடுத்தோம். இடையில் நான் ஏதாவது பேச வாயெடுத்தால் கையைக் காட்டி அடக்கிவிடுவார்.

முளைத்து வந்தவற்றில் அவருக்கு முப்பத்தைந்து பாகைத் தட்டைக் கண்டாலே பிடிக்காது. “அவசரக் குடுக்கையள்” என்பார். முதலில் தலைகாட்டுவது அவைதான். விறுவிறுவென்று இலை விடும், நெட்டையாகப் போகும். பிடுங்கிப் பார்த்தால் வேர் இத்தனூண்டு இருக்கும். இருபது பாகைத் தட்டில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் விதை கெடாமல் முறைத்துக்கொண்டு கிடக்கும். அதை அவர் “கோவிச்சுக்கொண்டு படுத்திருக்கினம்” என்பார். இருபத்தைந்தில் வந்தவை மெதுவாக வந்தன, ஆனால் வேர் ஆழமாக இறங்கியிருந்தது. அவருடைய கணக்கில் அவைதான் பிள்ளைகள். நான் அளவெடுத்து, எடை போட்டு, வரைபடம் போட்டு ஒரு மாதம் கழித்து அதே முடிவுக்கு வந்தேன். சொன்னபோது, “ஓம்” என்று மட்டும் சொன்னார்.

அந்த முதல் முயற்சி சின்னது. பெரிய முயற்சி மூன்றாம் வருடம். ஊரில் புன்னை காய்த்த கையோடு நவம்பர் கடைசியில் விதைகள் வந்து சேர்ந்தன. காய விடக் கூடாது, குளிர விடக் கூடாது, வந்ததும் நட வேண்டும். தவறினால் அடுத்த காய்ப்பு வரை ஒன்றும் செய்ய முடியாது. என் ஒப்பந்தம் ஜனவரியோடு முடிகிறது. அந்தக் கன்றுகளைக் காட்டித்தான் புதுப்பிக்கக் கேட்க வேண்டும். ஒப்பந்தம் போனால் வேலை அனுமதியும் போகும். மகன் அப்போதுதான் இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் காலூன்றியிருந்தான். இதெல்லாம் பரம் அண்ணாவுக்குத் தெரியும். நானே தினமும் புலம்பியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பல்கலைக்கழகத்தை மூடும் நாள் வந்தது. நான்கு தட்டுகளில் மூன்றில் முளை தெரிய ஆரம்பித்திருந்தது. விடுமுறையில் கட்டடத்தின் வெப்பத்தைக் குறைத்துவிடுவார்கள். எங்கள் அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி என்பதால் விரிப்புகள்தான் கதி. நான் டொராண்டோவில் அக்கா வீட்டுக்குப் போகிறேன், மூன்று நாள் கழித்து பரம் அண்ணா ஒரு தடவை வந்து பார்க்கிறார் என்று பேசிக்கொண்டோம். அவர் இரண்டு மணிக்கே கிளம்பினார். நான் தண்ணீர் தெளித்து முடித்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினேன்.

மூன்றாம் நாள் அவர் அக்கா வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். “தங்கச்சி, கரண்ட் நிண்டு போச்சுது. விரிப்பு ஒண்டும் வேலை செய்யேல்லை. மண் ஐஞ்சு பாகையிலை கிடக்கு. நான் நேற்றே வந்து பாத்திருக்க வேணும். என்ரை பிழை.”

ஐந்து பாகை. வடநாட்டு மேப்பிள் விதை என்றால் அதைக் குளிரில் வைத்துத்தான் எழுப்புவார்கள். புன்னை முளைக்கு அது சாவு. நான் திரும்பி வந்தபோது அவர் தட்டுகளை பிளாஸ்டிக் உறையால் மூடி, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்கே போயிருக்கமாட்டார் போல. முளைகள் எல்லாம் கறுத்துக் குழைந்து கிடந்தன. ஒரு வாரத்தில் வேரும் அழுகியது. இருபத்தைந்து பாகைத் தட்டில் நான்கு கன்றுகள் மட்டும் தப்பின.

எனக்கு வாய் நீளம். இது என்னை அறிந்த எல்லோருக்கும் தெரியும். “ஒரே ஒரு வேலைதானே அண்ணா சொன்னேன்? நடுவுல ஒரு நாள் எட்டிப் பாக்க முடியலையா? லாசால்லேர்ந்து எவ்வளவு தூரம்? என் குடும்பம் மொத்தமும் இதுலதான் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினேன். ஜனவரியில் நடந்த கூட்டத்தில், எங்கள் பேராசிரியருக்கும் மற்ற எல்லோருக்கும் முன்னால், தொழில்நுட்பப் பணியாளரின் கவனக்குறைவு என்று சொன்னேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டபோது, ஆமாம், நடுவில் ஒரு நாள் வந்து பார்க்க நினைத்திருந்து, தான்தான் மறந்துவிட்டதாகச் சொன்னார். அவருடைய கோப்பில் ஒரு கடிதம் ஏறியது. கண்ணாடிக் கூடத்திலிருந்து எடுத்து, வேறு கட்டடத்தில் உறைபெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போட்டார்கள். மறுபடியும் குளிராக்கும் வேலை. என் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டினார்கள். தவறு என்னுடையது இல்லையே, அதனால்.

ஜூன் மாதம் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது, அந்த முப்பது பாகைத் தட்டிலிருந்து எடுத்துப் போட்ட பொத்தான் கருவி கிடைத்தது. அழிப்பதற்கு முன்னால் என்னதான் இருக்கிறதென்று கணினியில் போட்டேன். முப்பதில் நேர்கோடாக ஓடிய வரி ஓர் இடத்தில் சரிய ஆரம்பித்திருந்தது. பல்கலைக்கழகம் மூடிய அதே நாள், மாலை நான்கு மணி பத்து நிமிடம். நான் அறையை விட்டு வெளியேறிய நேரம் அது. பஸ்ஸைப் பிடிக்கக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடியதால் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பக்கத்து அறையில் அதே இணைப்பில் ஓடிய குளிர்பெட்டியின் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. மின்சாரம் போகவே இல்லை.

எழுந்து போய் அறை வாசலில் நின்றேன். அப்போதுதான் என் கை என்ன செய்திருக்கும் என்று புரிந்தது.

என் அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் அறையை விட்டு வெளியே வருபவர் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுத்தான் வர வேண்டும். விளக்கு, விசிறி, பிளக் பாயின்ட் எல்லாம். மறந்தால் அன்று முழுக்கப் பாட்டு. திருச்சியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, கை தானாகப் போகும். இந்த ஊரில் பிளக் பாயின்டுக்கு ஸ்விட்சே கிடையாது. வந்த புதிதில் என் கை சுவரைத் தடவி ஏமாந்துகொண்டே இருந்தது. அந்தக் கண்ணாடி அறையில் விளக்குகூட ஆள் நடமாட்டம் பார்த்துத் தானே எரிந்து தானே அணையும். சுவரில் இருந்தது ஒரே ஒரு ஸ்விட்ச். நான்கு விரிப்புகளுக்குமாகச் சேர்த்து, கதவோரமாக, என் தோள் உயரத்தில் பரம் அண்ணா பொருத்தியிருந்த நீளமான பிளக் பலகையில் இருந்த சிவப்பு ஸ்விட்ச். விடுமுறைக்குப் போகும் அவசரத்தில், கைப்பையை மாட்டிக்கொண்டே அதை அணைத்துவிட்டுப் போயிருக்கிறேன். இத்தனை நாள் எப்படித் தப்பியது என்றுதான் தெரியவில்லை.

அன்றே லாசாலுக்குப் போனேன். அவர் மனைவி இந்திராணி அக்கா பாக்டரி வேலைக்குப் போயிருந்தார். பரம் அண்ணா மட்டும் பால்கனியில் தக்காளித் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வரைபடத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“நான்தான் ஆஃப் பண்ணியிருக்கேன் அண்ணா.”

“ஓம். தெரியும்.”

“எப்போலேர்ந்து தெரியும்?”

“அண்டைக்கே. நான் போகேக்கை சிவப்பு லைட் எரியேல்லை. ஸ்விட்ச் கீழை கிடந்தது. கடைசியா நிண்டது நீங்கள்தானே.”

“அப்புறம் ஏன் கரண்ட் போச்சுன்னு சொன்னீங்க? நான் அத்தனை பேர் முன்னாடி உங்களை...”

“உங்களுக்கு ஜனவரியிலை கையெழுத்து. எனக்கு யூனியன் இருக்கு, என்னை ஒருத்தரும் நிப்பாட்டேலாது. அதோடை, அந்த ஸ்விட்சை அந்த இடத்திலை பூட்டினது நான்தானே. உங்கட ஊர்ப் பழக்கம் எனக்குத் தெரியாதே? ஒரு மூடி போட்டிருக்க வேணும்.”

நாளைக்கே பேராசிரியரிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “என்ரை கடதாசி பைலுக்குள்ளை போட்டுது. அது இனி வெளியிலை வராது. நீங்கள் போய்ச் சொன்னால் உங்கட கடதாசியும் உள்ளுக்குப் போகும். ரண்டு பேர் என்னத்துக்கு?” நான் அழுதுகொண்டே இருந்தேன். “சரி, சொல்லத்தான் வேணுமெண்டால் பேந்து சொல்லுங்கோ. நான் பென்சன் எடுத்தாப் பிறகு. அப்ப உங்கட அலுவலும் முடிஞ்சிருக்கும்” என்றார். எழுந்து போய் எனக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்.

அவர் ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. என் அலுவல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. நிரந்தர வேலை, நிரந்தர வசிப்புரிமை, எல்லாம் கிடைத்தது. புது விதைகள் வந்தன, ஆய்வும் வெளிவந்தது. ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பேராசிரியர் ஓய்வு பெறட்டும் என்று ஒரு வருடம் தள்ளினேன். அவரும் ஓய்வு பெற்றார். பழைய கதையைக் கிளறி யாருக்கு என்ன லாபம் என்று ஒரு வருடம். இப்படியே போனது. வெட்கத்தைத் தவிர வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை என்னைப் பார்க்க வருவார். தப்பிய நான்கு புன்னைகளும் இப்போது கண்ணாடிக் கூடத்தின் பெரிய தொட்டிகளில் என் உயரத்துக்கு நிற்கின்றன. அவற்றின் மண்ணில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போவார். கடைசி மூன்று வருடமும் பஸ்ஸும் மெட்ரோவும் மாறி மாறி ஏறித்தான் வந்தார். கார் என்ன ஆயிற்று என்று ஒரு தடவை கேட்டேன். “மெட்ரோ நல்லது தங்கச்சி. பார்க்கிங் தேடத் தேவையில்லை” என்றார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

இறுதிச் சடங்கன்று உங்களில் பலர் இருந்தீர்கள். எங்கள் பழைய பேராசிரியர் எழுந்து பிரெஞ்சில் பேசினார், சிந்துஜா தமிழில் சொன்னாள். பரம் இருந்தவரை எங்கள் அறைகளில் அரைப் பாகைகூட மாறியதில்லை, ஒரே ஒரு கிறிஸ்துமஸைத் தவிர என்றார். அன்பாகத்தான் சொன்னார். எல்லோரும் மெல்லச் சிரித்தீர்கள். அந்த வரியை மொழிபெயர்த்துவிட்டு சிந்துஜா தன் பங்குக்கும் சொன்னாள்: “அப்பாக்கு மறதி அந்தக் கிறிஸ்மஸோடைதான் தொடங்கினது. டொக்டரிட்டையும் நாங்கள் அதைத்தான் முதல் சொன்னனாங்கள்.”

எனக்கு மறதி விஷயமே அன்றுதான் தெரியும். பிறகு மற்றவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து கோத்துப் புரிந்துகொண்டேன். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு தடவை அடுப்பை அணைக்காமல் விட்டாராம். ஒரு தடவை கடைத்தெருவில் காரை எங்கே நிறுத்தினோம் என்று தேடினாராம். யார்தான் தேடவில்லை? நான் மாதம் ஒரு முறை தேடுகிறேன். ஆனால் அவர் விஷயத்தில் வீட்டில் எண்ணத் தொடங்கிவிட்டார்கள், ஏனென்றால் எண்ணிக்கையில் முதலாவது ஏற்கெனவே இருந்தது. வேலையிடத்திலேயே மறந்து, கடிதம் வாங்கிய மனிதர். மருத்துவர் சோதித்துவிட்டு வயதுக்கு உரியதுதான் என்று சொல்லியும் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் கார்ச் சாவியை வாங்கிவிட்டார்கள். அடுப்பைத் தொட விடவில்லை. எல்லோர் வீட்டு ஃபிரிட்ஜையும் திருத்தியவரை, தன் வீட்டில் ஒரு பிளக்கைக் கழற்றவும் விடவில்லை. அந்த முதலாவது என்னுடையது. பெட்டிக்கு எதிரே, மூன்றாவது வரிசையில், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஊரெல்லாம் நீளமான இந்த வாய் அன்று திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து லாசாலுக்குப் போனேன். அந்த வரைபடத்தை இந்திராணி அக்காவின் முன்னால் வைத்து, ஸ்விட்சிலிருந்து பால்கனி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா குறுக்கிடாமல் கேட்டார். வரைபடம் அவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் அது சரியும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப அந்த மனுசன் மறக்கேல்லை” என்றார்.

“இல்லைக்கா.”

“அடுப்பை எரிய விட்டிட்டுப் போனார் எண்டு நான் எத்தினை பேச்சுப் பேசினனான். கிறிஸ்மஸ் கதையை எடுத்தெடுத்துக் குத்தினனான். ஒருக்காவாவது, அது நானில்லை எண்டு எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே?” பிறகு அவர் தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: “கார்த் திறப்பைத் தாங்கோ எண்டு நான்தான் கேட்டனான். ஏன் எண்டு கேக்கேல்லை. மேசையிலை வைச்சிட்டுப் போய்ப் படுத்திட்டார். அண்டைக்கு முழுக்கச் சாப்பிடேல்லை. நான் அவருக்குக் கோபம் எண்டு நினைச்சன்.”

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் தேநீர் குடிக்காமல் விடமாட்டார்கள். அன்று அவர் எழுந்திருக்கவே இல்லை. நான் கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றேன். மலருக்கு இதையெல்லாம் எழுதட்டுமா, வேண்டாமென்றால் விதைகளைப் பற்றி மட்டும் எழுதித் தருகிறேன் என்றேன்.

“எழுதும் பிள்ளை” என்றார். “உம்மட பேரைப் போட்டு எழுதும். சிந்துவும் வாசிக்கட்டும்.”

ஆகவே, பரமநாதனை அறிந்தவர்களே, அவர் பிள்ளைகளே, அன்று மெல்லச் சிரித்தவர்களே: அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூடிய நாள் மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அந்த ஸ்விட்சை அணைத்தவள் நான். அவர் எதையும் மறக்கவில்லை. யார் அணைத்தது என்பதைக்கூட அவர் ஒருநாளும் மறக்கவில்லை, சொல்லவுமில்லை.

இப்படிப்பட்ட கட்டுரைகளின் முடிவில், மறைந்தவரிடமிருந்து நாம் எதை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று எழுதுவது வழக்கம். நான் வைத்திருந்தது அவருடைய நல்ல பெயரை. ஒன்பது வருடம் வைத்திருந்தேன். அவர் உயிரோடு இருந்தபோதே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கேட்காமல் போய்விட்டார். இனி அது உங்களிடம் இருக்கட்டும்.

மாலதி